சுண்டுவிரல் நுனிக்குப் போகும் தண்ணீர்

ஜூன் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. மேசையில் ஏழு பகடைகள், ஒரு எக்ஸ்ரே பிலிம், சுற்றிலும் நாலு நாற்காலிகள். ஐந்து மணிக்கு உன் அம்மா இங்கே வந்து உட்காரப்போகிறார். உன் ஆட்டத்தை இன்று நான் நடத்தப்போகிறேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. வயல் நடுவில் நின்றுபோன அறுப்பு மிஷினை, சுற்றி ஊரே நின்று கத்த, தனியாளாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம். மிஷினுக்கு மேனுவல் இருக்கிறது. நீ செய்ததற்கு இல்லை.

ரபீக் கடையின் மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. கீழே செல்போன் உறைகள் தொங்கும் கடை, மேலே உடைந்த டிஸ்ப்ளேக்கள் அடைத்த அட்டைப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் இந்த மேசை. மின்விசிறிக்குப் பிலிம் பறந்துவிடும் என்று நாலு மூலையிலும் பழுதான சார்ஜர்களை வைப்பாய். நானும் வைத்திருக்கிறேன். அடியில் வெள்ளைத் தாள் விரித்ததும் உன் கை எலும்புகள் தெரிகின்றன. கல்லூரி விடுதிப் படியில் விழுந்து மணிக்கட்டு விரிசல் விட்டபோது எடுத்த படம் என்று சொன்னாய். அதன்மேல் வெள்ளை மையில் நீ வரைந்த ஐவிரல் நாடு. மணிக்கட்டு அணை. விரல்கள் ஐந்து ஆறுகள். கணுவுக்கு ஒரு மதகு. நுனிகள் கடைமடை. சுண்டுவிரலின் நுனியில் ஒரு ஊரின் பெயரும், பக்கத்தில் பொடி எழுத்தில் "இன்னும் தண்ணி வரல" என்பதும்.

மூன்று வாரம் முன்பு இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனேன். உன் வீட்டுக்குச் சேர வேண்டிய பொருட்கள், கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பது திட்டம். உன் அம்மா முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அழவில்லை. கேள்விதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா அவ ரூம்ல தூங்குவான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. அடக்கத்துக்கு வந்தப்பதான் உங்க மூணு பேரையும் பாத்தேன். நீங்கல்லாம் சேந்து என்னதான் பண்ணுவீங்க?"

விளக்கினேன். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். நாலாவது ஆள் கதையை நடத்துவார், அது அவள். உங்கள் முன்னால் ஆறு, அக்கரையில் நெருப்பு தெரிகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். நாங்கள் செய்வதைச் சொல்வோம். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தால் பலித்தது. சின்ன எண் என்றால் சொதப்பல். எது விழுந்தாலும் கதை அங்கிருந்து மேலே போகும். பணம் வைத்து ஆடுவதில்லை. ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் இல்லை. கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒருத்தியிடம் இதைக் கற்றுக்கொண்டாள்.

சொல்லி முடித்தபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அவ உங்களுக்குக் கதை சொல்லுவாளா?"

"சொல்றத விட எங்க வாயிலேர்ந்து புடுங்குறதுதான் ஜாஸ்திம்மா."

அவர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உன் கையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்கைக் கடிக்கும் சத்தம் எனக்கே கேட்டதால் கடிப்பதை நிறுத்திக்கொண்டேன். பிறகு அந்தப் பொடி எழுத்தைப் படித்தார்.

"இவங்களுக்குத் தண்ணி வந்துச்சா தம்பி?"

"இல்லம்மா. பாதியில நிக்குது."

"நான் ஒருநாள் வந்து உக்காரட்டுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது. மூலையில உக்காந்து பாத்துக்கறேன்."

வாங்கம்மா என்றேன். நம்மோடு ஆடும் ரபீக்கையும் கலைச்செல்வியையும் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கொடுக்கப் போன பொருட்களோடேயே பஸ் ஏறித் திரும்பினேன். மறுநாள் இருவரிடமும் சொன்னபோது, கூப்பிட்டவன் நீ, நடத்துகிறவனும் நீதான் என்று ரபீக் சொல்லிவிட்டான். கலைச்செல்வி தலையை ஆட்டிவிட்டாள். அவள் தலையாட்டினால் அது வங்கி முத்திரை குத்தின மாதிரி, அப்புறம் பேச்சில்லை.

நாம் பார்த்துக்கொண்டதே ஒரு எக்ஸ்ரேயால்தான். போன வருடம் மாசி, சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரத்தநாடு பக்கம் ஒரு மிஷினைச் சரிபார்க்கும்போது பெல்ட் மூடி என் கட்டைவிரல்மேல் விழுந்தது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் நீ வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு வந்தேன். அறுப்புக் காலத்தில் ஒரு நாள் வீணாவது எனக்கு ஆகாது. இன்னும் எவ்வளவு நேரம், இந்த எந்திரம் எத்தனை கிலோவோல்ட், ஏன் இவ்வளவு பழைய மாடலை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ என் கையை எடுத்துத் தட்டின்மேல் வைத்தாய்.

"சார், நீங்க பேசுறப்ப கட்டைவிரலும் சேந்து பேசுது. ரெண்டுல ஒண்ண நிறுத்துங்க."

விரல் முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. படத்தைக் கையில் கொடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பீங்க என்று கேட்டாய். கழுத்தில் சிலுவை. ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாதுங்க என்று அங்கேயே சொல்லிவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த நோயாளி எட்டிப் பார்த்தார்.

"பூதத்துல நம்பிக்கை இருக்கா? இருந்தா வாங்க."

வந்தேன். வேறு வேலை இல்லாததால் வந்தேன் என்பதுதான் உண்மை. மாடியில் ரபீக் இருந்தான். அதிராம்பட்டினத்துக்காரன், சில வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பிக் கடை வைத்தவன், இந்தப் பகடைகளை அங்கிருந்து வாங்கிவந்து உனக்குக் கொடுத்தவன். கலைச்செல்வி இருந்தாள், குடவாசலில் கூட்டுறவு வங்கி கவுண்டரில் நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை திருப்பிப் பேசாதவள். அவளுடைய பாத்திரம் ஒரு கிழட்டு மந்திரவாதி. வாயைத் திறந்தால் வசை. அன்றைக்கு அவள் ஒரு பாலத்தைப் பார்த்துத் திட்டிய திட்டில் எனக்குக் காது சுட்டது.

உங்க ஆளு யாரு என்று என்னைக் கேட்டாய். சண்டை போடுறவன், கோடாலி வச்சிருக்கான் என்றேன். பேரு என்றாய். பேரு எதுக்கு என்றேன். நீ தாளில் அதையே எழுதிக்கொண்டாய். அன்றிலிருந்து என் ஆளின் பெயர் பேரெதுக்கு. ஒரு வருடம் ஐவிரல் நாட்டின் ராணிகளும் காவலாளிகளும் 'மாவீரர் பேரெதுக்கு அவர்களே' என்று அழைத்தார்கள். அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவள் நீ. ஒரு தடவைகூட உன் முகத்தில் சிரிப்பு வந்ததில்லை.

முதல் நாளே உன்னைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது என்றாய். ரபீக்கின் ஆள் திருடன்; பூட்டைத் திறக்கக் கம்பியைத் தயாராக எடுத்துவிட்டான். நான் குறுக்கே புகுந்தேன். கதவு என்ன மரம்? தேக்கு. எவ்வளவு கனம்? இரண்டு அங்குலம். கீல் எந்தப் பக்கம்? நீ ஒரு கணம் நிறுத்தினாய். உங்க பக்கம் என்றாய். அப்படியானால் பூட்டை எதற்குத் தொட வேண்டும், கீல் ஆணியை அடித்துக் கழற்றுகிறேன் என்றேன். இப்படிக் கேட்டால் எங்கள் வீட்டில் விதண்டாவாதம் என்பார்கள். கம்பெனியில், கஸ்டமர் முன்னால் வாயைக் குறைடா என்பார்கள். நீ இருபது முகப் பகடையை என் பக்கம் தள்ளினாய். பதினேழு விழுந்தது.

"கதவு மொத்தமா உள்பக்கம் சாயுது. உள்ள ரெண்டு காவக்காரன் கதவோரம் படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தானுங்க. இனி எந்திரிக்க மாட்டானுங்க."

ரபீக் முகம் போன போக்கை நீயும் பார்த்தாய். அவனுக்கு உடனே, அதில் ஒரு காவலாளி இடுப்பில் சாவிக்கொத்து மின்னுகிறது என்று எடுத்துக் கொடுத்தாய். ஒருவன் ஜெயித்தால் இன்னொருவன் கை வெறுமையாக இருக்கக்கூடாது என்பதில் நீ காட்டிய கவனத்தை நான் புரிந்துகொள்ளப் பல மாதம் ஆனது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கேட்ட கேள்வியை இவள் தொந்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலையாக எடுத்துக்கொண்டாள். கட்டு பிரித்த பிறகும் வந்துகொண்டிருந்தேன். சார் போய், நீங்க போய், எப்போது 'டேய்' வந்தது என்று நினைவில்லை.

எங்களுக்கு நீ கொடுத்த பணி இதுதான். அணை திறந்தாயிற்று. தண்ணீரின் தலை எங்கே போகிறதோ அதோடு கூடவே நடந்து, சுண்டுவிரல் நுனி வரை அதைக் கொண்டுசேர்க்க வேண்டும். அங்கே நாற்று விட்டுவிட்டு ஒரு ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. வழியில் கொள்ளையர், பூதம், குட்டி ராஜாக்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். காய்ந்த வாய்க்காலில் மண் எவ்வளவு குடிக்கும், தண்ணீர் மணிக்கு எவ்வளவு தூரம் நகரும், எந்தக் கணுவுக்கு என்றைக்குப் போகும். வேறு யாராக இருந்தாலும் விளையாட வந்த இடத்தில் என்ன கணக்கு என்று கேட்டிருப்பார்கள். நீ தாளை வாங்கி வரிவரியாகப் படித்தாய். அருமை என்றாய். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டாய்:

"நண்டு வளைய சேத்தியா?"

சேர்க்கவில்லை. அன்று மாலை முழுக்க, நண்டு துளைத்த கரை உடைந்து தண்ணீர் தரிசில் பாய, மூன்று மாவீரர்களும் மண் வெட்டிப் போட்டோம். என் கணக்கை நீ தூக்கி எறியவில்லை. அதைச் சரி என்று வைத்துக்கொண்டு, அதில் விட்டுப்போனதைத் தேடினாய். எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாத வித்தை அது.

இனி அந்த மதகுச் சண்டை. அதை எழுதாமல் உனக்கு எதையும் எழுதிப் பிரயோசனமில்லை.

சுண்டுவிரலின் முதல் கணு. மதகுக்கு அடியில் ஒரு பூதம் குடியிருந்தது. அதற்காக ஒரு மாங்கொட்டையைக் காயவைத்துக் கண், பல் எல்லாம் வரைந்து கொண்டுவந்திருந்தாய். பூதம் வெளியே வருவதற்கு முன் அந்த ஊர்ப் பெரியவர் வந்தார். ரெண்டே நாள் மதகை அடைத்துக் கொடுங்கள், எங்கள் வயல் நனைந்ததும் திறந்துவிடுகிறோம் என்று கேட்டார். நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி, கல்லணைக்குப் பக்கம். மேல்மடைக்குத் தண்ணீர் முதலில் என்பது எனக்கு நியாயமா அநியாயமா என்று கேட்கிற விஷயமே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும், அவ்வளவுதான்.

ரபீக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் ஆள் எழவில்லை, அவனே எழுந்தான்.

"டேய், நீ சண்டைக்காரனா, இல்ல திருக்காட்டுப்பள்ளிக்காரனா? கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டதுக்கப்புறம்தான் நாங்க வாய்க்கால்ல போய்ப் பாப்போம். அங்க ஆடு மேஞ்சுக்கிட்டிருக்கும்."

கடை வச்சிருக்கிறவனுக்குத் தண்ணியப் பத்தி என்னடா கவலை என்றேன். எங்க மாமா வயலை விற்றதே அதனால்தான் என்றான். கலைச்செல்வியின் மந்திரவாதி வசவை நிறுத்திவிட்டு, குடவாசல் நடுமடைக்காரியாக முறை வைக்க ஆரம்பித்தாள்; மேலே ஆறு நாள், கீழே ஆறு நாள் என்று. ஆறா நாலா என்று அதில் ஒரு சண்டை. டீ ஆறியது. இரண்டாவது டீயும் ஆறியது. பகடையை ஒருவரும் தொடவில்லை. மாங்கொட்டைப் பூதம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. பூதத்தோடு சண்டை போடச் சொன்னால் மதகுக்குச் சண்டை போடுகிற ஆட்கள் இந்த ஊரில்தான் கிடைப்பார்கள்.

நீ தடுக்கவில்லை. மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாய். வெயில் இறங்கும் நேரத்தில் கேட்டாய்.

"முடிஞ்சுதா?"

இல்லை என்றோம், மூன்று பேரும்.

"பரவால்ல. நீங்க பேசிக்கிட்டிருந்ததுல அங்க ரெண்டு நாள் போயிருச்சு. மதகு அடைச்சபடியே கெடக்கு. சுண்டுவிரல்ல நாத்து என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேக்குறீங்களா?"

 பேசுகிற நேரத்தை நாளாகக் கணக்கெடுக்க ரூல் இல்லை என்று நான் வாதாடினேன். நாத்துக்கு அந்த ரூல் தெரியாதுடா என்றாய். பகடையை எடுத்து மேசை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்டினாய். மூன்று விழுந்தது. நாற்றில் பாதி கருகிவிட்டது.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள். நுனி ஊரிலிருந்து கரையோடு நடந்தே வந்தவள். எல்லோருக்கும் ஒரு குரல் வைத்திருப்பாயே, அவளுக்கு வைக்கவில்லை. உன் சொந்தக் குரலிலேயே பேசினாய்.

"தண்ணி எப்ப வரும்னு சொல்லுங்க. வராதுன்னா வராதுன்னு சொல்லிருங்க. வேற ஏதாச்சும் வெதச்சுக்கறோம்."

 வயல்காரர்கள் எத்தனையோ பேர், மிஷின் எப்பத் தம்பி ஓடும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். பார்ட்ஸ் வந்தா ஓடும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன். இல்லாத ஒரு பெண்ணிடம் அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. நான் எதையாவது சொல்லட்டும் என்று நீ காத்திருந்தாய். பிறகு உன் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாய்.

"விழுந்தது விழுந்ததுதான். இப்ப என்ன பண்றீங்க?"

பேரெதுக்கு ஊர்ப் பெரியவரிடம் திரும்பினான். ரெண்டு நாள் எங்க தண்ணிய எடுத்துக்கிட்டீங்க, அதுக்கு ஈடா உங்க நாத்தங்கால்ல மிஞ்சுன நாத்தக் கட்டிக் கொடுங்க என்று கேட்டான். கொடுத்தார்கள். அதன்பிறகு எங்கே போனாலும் என் மாவீரன் தலையில் நாற்றுக்கட்டு. கோடாலி இடுப்பில். மாங்கொட்டைப் பூதத்தோடு அப்படியே சண்டை போட்டேன். ஒவ்வொரு வாரமும் நாற்று வாடாமல் இருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பாய். உலகத்திலேயே வெயிலுக்கு மட்டும் பயப்படுற வீரன் என்று ரபீக் கிண்டல் செய்தான். ஆனால் வழியில் குட்டை தென்பட்டால் நாற்றை நனைக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறவன் அவன்தான்.

இந்தக் கதை எப்படி முடியும் என்று உன்னை ஒருதரம் கேட்டேன். எனக்கும் தெரியாது என்றாய். நம்பவில்லை. முடிவு தெரியாமல் ஒருத்தி வாரம் தவறாமல் நாலு மணி நேரம் கதை நடத்துவாளா? இப்போது நம்புகிறேன். நீ எங்களுக்காக ஒரு முடிவைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு, அதன் பக்கம் எங்களைத் தள்ளியதே இல்லை. நாங்கள் மதகைத் திறப்போமா என்று உண்மையாகவே ஆவலோடு காத்திருந்தாய்.

குருத்தோலை ஞாயிறு அன்று கடைசியாக ஆடினோம். பையில் ஓலைச் சிலுவை செருகியபடி வந்தாய். சுண்டுவிரலின் கடைசிக் கணுவை எட்டிவிட்டோம். பின்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் துருப்பிடித்து இறுகிப்போன மதகின் இரும்புப் பலகை. மதகுக்கு அந்தப் பக்கம் அதே பெண், கையில் அரிக்கேன் விளக்கோடு. அடுத்த வாரம் ஈஸ்டர், அதுக்கடுத்த வாரம் பாத்துக்கலாம் என்று பகடைகளை அள்ளினாய். பெரிய வியாழன் அன்று ஊருக்குக் கிளம்பினாய். வழியில் ஒரு லாரி. அதைப் பற்றி இதில் எழுத மாட்டேன்.

நேற்று ரபீக் மாடிக்கு வந்து இந்த மேசையைத் துடைத்துக் கொடுத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நாளைக்குப் பகடைய மறைச்சு உருட்டு. என்ன விழுந்தாலும் பதினெட்டுன்னு சொல்லிரு. அம்மா முன்னால அந்த மதகு தொறக்காமப் போயிரக்கூடாதுடா."

நான் மறுக்கவில்லை. கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு துருப்பிடித்த பலகைக்கு உன் அளவுகோலில் பதினைந்துக்கு மேலாவது விழ வேண்டும். நாலு தடவையில் ஒரு தடவை. ஒரு தாய் இரண்டு வண்டி மாறி வந்து, மகள் வரைந்த ஊருக்குத் தண்ணீர் வரவில்லை என்று பார்த்துவிட்டுப் போவதற்கு நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. ராத்திரி கலைச்செல்விக்குப் போன் செய்து ரபீக் சொன்னதைச் சொன்னேன். 

"பொய் கேக்கவா அவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ எப்போதும் நடு மேசையில் உருட்டினாய். அதை நேர்மை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேர்மை மட்டும் என்றால் அது பெரிய விஷயமில்லை. தராசுகூட நேர்மையாகத்தான் இருக்கிறது. மூன்று விழுந்தாலும் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள், எதையாவது தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்று எங்களை நம்பினாய். நான் பகடையை மறைத்தால் அந்த நம்பிக்கை அம்மாமேல் எனக்கு இல்லை என்று அர்த்தம். உன்னைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோதும் நின்றுகொண்டிருந்தவர் அவர். பகடையில் விழும் ஒரு சின்ன எண்ணைத் தாங்க அவருக்குத் தெரியாதா?

எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைக்காதே. வரவில்லை. போன வாரம்கூட ஒரு மிஷின் முதலாளியிடம், டீசலில் தண்ணீர் கலந்தது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பவில்லை. சரி, ஆனது ஆச்சு, இப்ப என்ன பண்ணலாம் சொல்லுங்க என்று வரப்பில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். மேட்டூர் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கல்லணைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று இன்று காலையில் அப்பா போன் செய்தார். தரங்கம்பாடிப் பக்கத்துக்கு எப்பப்பா போகும் என்று கேட்டேன். அது எதுக்குடா உனக்கு என்றார். அவரிடம் அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மணி மூன்று இருபது. இனி நான் செய்யப்போவது:

1. ரயிலடிக்குப் போய் அம்மாவை அழைத்து வருவேன். வண்டி தாமதமானால் யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன்.

2. அவரை மூலையில் உட்கார விடமாட்டேன்.

3. பேரெதுக்குவை ரபீக்கிடம் ஒப்படைப்பேன். அவன் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வான். செய்யட்டும்.

4. மதகுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அம்மாவைக் கேட்பேன். வேண்டாம் என்றால் வேறு யாராக இருக்க ஆசை என்று கேட்பேன்.

5. மதகுக்கான பகடையை அவர் கையிலேயே கொடுப்பேன். மேசை நடுவில், எல்லோரும் பார்க்க. விழுந்த எண்ணைச் சத்தமாகப் படிப்பேன்.

6. அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு, என்ன செய்யப்போகிறார் என்று அவர் சொல்கிறவரை காத்திருப்பேன். ரபீக் எடுத்துக் கொடுக்கப் பார்த்தால் மேசைக்கு அடியில் உதைப்பேன்.

7. திரும்ப அவரை வண்டியேற்றிவிடுவேன். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குத் தம்பி என்று அவர் கேட்டால், இதே நேரம்தான் என்று சொல்வேன். கேட்காமல் ஏறிவிட்டால், வண்டி நகரும்வரை ஜன்னலோரம் கூடவே நடந்து, அடுத்த வாரமும் வாங்கம்மா என்று நானே கூப்பிடுவேன்.